மணலும் வெண்திரையும்

வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி பகுதிகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். அவர்களுக்குப் பரீட்சையைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. வகுப்பின் முன்னால் நின்று பேசுவதுதான் அது!

இப்போது வெறுமனே பேசினால் போதாது. மடிக்கணினியில் படங்கள் தயாரித்து, வெண்திரையில் காட்டி விளக்க வேண்டும். கேட்கும் மாணவர்களே மார்க் போடும் முறையும் சில பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. 'மூடில்' என்னும் கணினிச் செயலியில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் மாணவனுக்கு இரண்டு மார்க். தன் வேலைக்கு ஒன்று. மற்றவர் வேலையைச் சரியாக எடைபோட்டதற்கு இன்னொன்று.

மாணவனே மாணவனுக்கு ஆசான் ஆவது நமக்குப் புதிதல்ல. 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்ய விரும்பினார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான்! 1797-ல் பெல் இதைப் புத்தகமாக லண்டனில் வெளியிட்டார். 'மதராஸ் முறை' பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் கல்லூரி' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது.

அன்றைய கருவி மணல். அதற்கு விலை இல்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மணல்.

இன்றைய கருவி அப்படியா? நல்ல மடிக்கணினி உள்ளவனின் படம் பளபளக்கும். கைபேசியில் இரவெல்லாம் தயாரித்தவளின் படம் மங்கலாகத் தெரியும். பளபளப்புக்கு மார்க் போட்டால், அது பணத்துக்குப் போட்ட மார்க் ஆகிவிடும். சிநேகிதனுக்கு அள்ளிக் கொடுத்து, பிடிக்காதவனுக்குக் கிள்ளிக் கொடுத்தால், அது நியாயமே அல்ல.

வழி என்ன? படம் தயாரிக்கக் கல்லூரிக் கணினியை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். மார்க் போடுகிறவர், "ஏன் இந்த மார்க்?" என்று காரணத்தையும் எழுத வேண்டும். முடிவு ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.

திடீரென்று மின்சாரம் நின்று, திரை இருண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தடுமாறாமல் விளக்குகிறவளுக்கே பாடம் தெரியும். மார்க் அவளுக்குப் போய்ச் சேரட்டும்!