அனுசரிக்க வேண்டியது யார்?

"இனிமே எல்லாத்தையும் அனுசரிச்சுப் போகணும்மா." ஆஸ்பத்திரியில் எங்க அக்காவிடம் டாக்டர் சொன்னது இது. கட்டிலில் 11 வயசு மகள், கையில் டிரிப்ஸ். அக்கா தலையாட்டினாள். அவளுக்கு அந்த வார்த்தை புதுசில்லை. தேர் எங்க தெருவுக்கு ஏன் வரலைன்னு கேட்டபோது அதிகாரி சொன்ன வார்த்தை. கூலியைக் கூட்டிக் கேட்டபோது பண்ணைக்காரர் சொன்ன வார்த்தை. இப்போ டாக்டரும் சொல்கிறார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் போட்ட இன்சுலின்தான் பிள்ளையைப் பிழைக்க வைத்தது. ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது: அனுசரிக்க வேண்டியது யார்?

மூணு வாரமாகப் பிள்ளைக்கு அடங்காத தாகம். வகுப்பில் அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டாள். "காலனிப் புள்ளைங்களுக்கு வகுப்புல உக்கார உடம்பு வளையாது" என்றார் வாத்தியார். உடம்பு இளைத்தது. சோத்துக்கு இல்லாத வீடு, இளைக்கத்தான் செய்யும் என்றது ஊர். வாந்தியெடுத்து மூச்சு வாங்கியபோது நாங்களும் காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தோம். அது நம்ம தப்பு, மறைக்க வேண்டியதில்லை. தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, இளைப்பு மூணும் சேர்ந்தால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷம் எங்க பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

"சேரியில சர்க்கரையா? அது பணக்கார வியாதியாச்சே" என்று சிரித்தார்கள். தோழர்களே, இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். டைப் 1 சர்க்கரை இனிப்புத் தின்று வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புசக்தியே திசைமாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பாகற்காயோ கசாயமோ மாத்திரையோ இன்சுலினுக்கு ஈடாகாது. ஊசியை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி போடும்வரை இந்தப் பிள்ளைகளுக்குச் சாவுதான் விதி. பெத்தவ செய்த பாவம், போன ஜென்மத்துக் கணக்கு என்கிறான். நாம் ஏன் சேரியில் பிறந்தோம் என்பதற்கும் அவன் சொன்ன காரணம் இதேதான். கர்ம வினை என்ற அந்தப் புளுகைச் சாதியிலும் நம்பாதே, நோயிலும் நம்பாதே.

பத்தியச் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். ஓட்ஸ், பாதாம், பனீர், ஆப்பிள். வேளாவேளைக்கு மூணு சாப்பாடு, நடுவில் சிற்றுண்டி. யார் வீட்டு அடுப்பை மனசில் வைத்து எழுதிய சீட்டு இது? எங்க அடுப்பில் இருப்பது ரேஷன் அரிசி. ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி. கறியில் மாவுச்சத்து இல்லை, புரதம் நிறைய இருக்கு. சர்க்கரைக்காரப் பிள்ளைக்கு நல்ல உணவுதான். ஆனால் அந்தச் சீட்டில் அதன் பேரே கிடையாது.

அக்கா அனுசரித்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், ஒரே வாரத்தில் யூனிட் எண்ணி ஊசி போடக் கற்றாள். ஃபிரிட்ஜ் இல்லை. பெரிய பானையில் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதில் இன்சுலின். இது ஏழையின் அறியாமை இல்லை. கென்யா அகதி முகாமில் உள்ளதுபோல 25 முதல் 37 டிகிரிவரை ஏறி இறங்கும் சூட்டில், நாலு வாரம் இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சோதித்து 2021ல் வெளியிட்டன. ராத்திரி 2 மணிக்கு எழுந்து பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். வேர்த்துக் கொட்டி நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே சர்க்கரைத் தண்ணி. விடிந்தால் நடவு.

பிள்ளையும் அனுசரித்தாள். அனுசரிக்காதது பள்ளிக்கூடம். வகுப்பில் ஊசி போட்டால் மத்த பிள்ளைகள் பயப்படுமாம், கக்கூசில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தண்ணி வராத கக்கூஸ்! "இது ஒட்டுமா?" என்று கேட்டுப் பக்கத்து பெஞ்சு காலியானது. இது ஒட்டுகிற நோயில்லை. தீட்டுக்கு ஒரு புதுச் சாக்கு, அவ்வளவுதான். 2022ல் பெருந்துறை பக்கம் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானது நினைவிருக்கிறதா? கழுவுவதற்கும் கக்கூஸ், மருந்து போடுவதற்கும் கக்கூஸ். நம்ம பிள்ளைகளுக்கு அவர்கள் ஒதுக்கும் இடம் அதுதான்.

2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையைப் பட்டியலிட்டது. தலசீமியா, ஹீமோபீலியாவைச் சேர்த்தது சரி. டைப் 1 அதில் இல்லை. 2017ல் சி.பி.எஸ்.இ. இந்தப் பிள்ளைகள் பரீட்சைக்கு மிட்டாய், பழம், தண்ணி கொண்டுபோக அனுமதித்தது. நாலு மிட்டாய்க்கு வாரியம் உத்தரவு போடுகிற நாட்டில், ஓட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எந்த உத்தரவு வந்து சேரும்?

நம்ம இயக்கத்தையும் கேட்கிறேன். வெட்டுப்பட்டால் ஓடி வருகிறோம். வியாதி என்றால் "அது குடும்ப விஷயம்" என்று ஒதுங்குகிறோம். அண்ணலுக்கும் சர்க்கரை இருந்தது. அது வயசில் வந்தது, இது வேற வகை. கால்வலியோடு, பார்வை மங்க, கடைசி நாள்வரை அவர் எழுதினார் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். அவர் பேர் வைத்த தெருவில் ஒரு பிள்ளை ஊசியை ஒளித்து வைக்கிறாள். "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவான்" என்று நம்ம ஆட்களே பயமுறுத்துகிறார்கள். இந்த வெட்கத்தை உடைக்காமல் என்ன விடுதலை?

நாம் கேட்க வேண்டியது பிச்சை இல்லை. இன்சுலினோடு ஊசியும், ரத்தம் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கணும். ஆதிதிராவிடர் நல விடுதியில் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கக் கூடாது, வார்டனுக்கு ஊசி போடப் பயிற்சி தரணும். வகுப்பிலேயே ஊசி, வகுப்பிலேயே தண்ணி, கேட்ட நேரத்துக்குச் சுத்தமான கக்கூஸ். மாணவத் தோழர்களே, உங்க தெருவில் தாகத்தோடு இளைக்கிற பிள்ளை இருந்தால் இன்னைக்கே கூட்டிப்போய் ரத்தம் பாருங்க.

போன வாரம் வகுப்பில் எல்லார் முன்னாலும் பாவாடையைக் கொஞ்சம் விலக்கித் தொடையில் ஊசி போட்டுக்கொண்டாளாம். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவரு அனுசரிச்சுக்கட்டும் மாமா" என்றாள்.