பறக்க மறுப்பதும் கடமையே

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கேதார்நாத் ஆலயம். நடந்து ஏறினால் ஒரு பகல் பிடிக்கும் மலைப்பாதையை ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஊரிலிருந்து வரும் வயதான பெற்றோரை அங்கே அழைத்துச் செல்வதற்காக, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் தமிழ்க் குடும்பங்கள் வட மாநிலங்களில் உண்டு.

2022 அக்டோபர் 18 அன்று, மோசமான வானிலையில் கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கி ஏழு பேர் மாண்டனர். அவர்களில் மூவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். 2025 ஜூன் 15 அன்று அதே மார்க்கத்தில் மேலும் ஏழு உயிர்கள் பலியாயின.

மேகம் மலையை மறைப்பது ஓர் ஆபத்து. குளிர் மிகுந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மேகத்தில் மிதக்கும் நீர்த்துளிகள், சுழலும் இறக்கையில் பட்டவுடன் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. இறக்கையின் வடிவம் கெடுகிறது. தூக்கும் சக்தி குறைகிறது. ஓர் இறக்கையிலிருந்து மட்டும் கட்டி உதிர்ந்தால் ஹெலிகாப்டரே குலுங்கும். எஞ்சினுக்குள் பனிக்கட்டி புகுந்தால் அது நின்றுவிடவும் கூடும். தரையில் புதுப்பனி கிடந்தால், இறங்கும்போது கிளம்பும் வெண்படலம் விமானியின் கண்ணையே மறைத்துவிடும்.

பெரிய ஹெலிகாப்டர்கள் சிலவற்றில் இறக்கையைச் சூடேற்றும் சாதனம் உண்டு. யாத்ரிகர்களை ஏற்றிச் செல்லும் சிறிய ஹெலிகாப்டர்களில் அது இல்லை. அவற்றுக்குள்ள ஒரே பாதுகாப்பு, அத்தகைய மேகத்துக்குள் நுழையாமல் இருப்பதும், கண்டவுடன் திரும்பிவிடுவதுமே.

ஆகவே, "இன்று பறக்க முடியாது" என்று சொல்லும் விமானிக்கு முழுப் பாதுகாப்பு வேண்டும். எத்தனை நடை பறந்தார் என்ற கணக்கை வைத்து அவரை நெருக்கக் கூடாது. பள்ளத்தாக்கு நெடுகிலும் வானிலைக் கருவிகளும் காமிராக்களும் இயங்கி, புறப்படும் முன்பே நிலைமையைத் தெரிவிக்க வேண்டும். வானிலையால் பயணம் ரத்தானால் கட்டணத்தை அலைக்கழிக்காமல் திருப்பித் தர வேண்டும். இவற்றை உறுதி செய்வது அரசின் பொறுப்பு.

பயணிகளுக்கும் பொறுப்பு உண்டு. லீவு முடிகிறது, திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று விமானியிடம் மன்றாடுவது சரியல்ல. இரண்டு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு புறப்படுவதே விவேகம். தரிசனம் தள்ளிப்போகலாம், சாமி எங்கும் போய்விட மாட்டார். போன உயிர்தான் திரும்பாது.