பங்காளிச் சண்டை

பயிற்றுநரும் பத்திரிகையாளரும் பிறவிப் பகைவர்கள் என்றோர் எண்ணம் எம்மவரிடையே, குறிப்பாக ஆசிரியர் அறைகளிலே, வேரூன்றிக் கிடக்கின்றது. ஒருவர் வெயிலில் நின்று வியர்வை சிந்துபவர். மற்றவர் நிழலில் அமர்ந்து பேனா பிடிப்பவர். ஆகவே இருவருக்கும் மோதல் மூளும்போதெல்லாம் நாம் ஆராயாமலே பயிற்றுநரின் பக்கம் போய் நின்றுவிடுகின்றோம். அவர் ஆசிரியர், எம் இனத்தவர் அல்லவா? சென்ற ஆண்டு நிலாவெளியில் நாமும் அப்படித்தான் நின்றோம். அங்ஙனம் நின்றது தவறு என்று சொல்வதற்கே இதை எழுதுகின்றோம்.

எமது கடற்கரையில் உதைபந்தாட்டத்தை எவரும் கற்பிப்பதில்லை. கரைவலை இழுத்து முடிந்ததும் ஈர மணலில் சிறுவர்கள் வெறுங்காலோடு ஆடத் தொடங்கிவிடுவார்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். உயர எழுந்த பந்து நேரே அலைக்குள் போய்விழும். பந்தை இழக்க வசதியில்லாத பிள்ளைகள் அதனை மணலோடு மணலாகத் தாழவைத்து ஆடப் பழகிக்கொள்கின்றனர். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைவிட நன்றாக அப்பாடத்தைக் கற்பித்துவிடாது. இவ்விதம் வளர்ந்த மாணவன் ஒருவன் எமது பாடசாலை அணிக்கு வந்து சேர்ந்தான். அவன் பெயரை நாம் இங்கே சொல்லப்போவதில்லை.

அணி வலய மட்டத்தில் வென்றபோது எமது பயிற்றுநர், நல்ல மனிதர், உள்ளூர் நிருபர் ஒருவரைத் தாமே அழைத்து வந்தார். பையனைத் தோணியில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கரைவலைக் குடிசையில் பிறந்த நட்சத்திரம் என்று செய்தி வெளிவந்தது. அதைக் கத்தரித்து அறிவித்தற் பலகையில் ஒட்டியவர்கள் நாம். தலைப்பிலிருந்த ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தி ஒட்டியவரும் நாமே; தமிழாசிரியர் வேறென்ன செய்வார்!

அடுத்து வந்தது மாகாணப் போட்டி. ஆட்டம் சமநிலையில் முடிந்து, தண்டனை உதைகளால் வெற்றியைத் தீர்மானிக்க நேர்ந்தது. அவனுடைய உதை கம்பத்துக்கு மேலால் போயிற்று. மறுநாள் அதே நிருபர், அதே பையனின் பெயரைத் தலைப்பிலேயே போட்டுக் கிண்ணம் பறிபோன கதையை எழுதினார். கூடவே ஒரு படம்: மைதான ஓரத்தில் தாய் தன் முந்தானையால் மகனின் முகத்தைத் துடைக்கின்றாள். மகனுக்கும் தாய்க்கும் உரிய அந்த ஒரு நிமிடத்தை ஊர் முழுவதும் கைபேசியில் பார்த்துச் சிரித்தது.

பயிற்றுநர் கொதித்தெழுந்தார், நிருபரை மைதான வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார். பயிற்றுநருக்கு ஆணவம் என்று நிருபர் எழுதினார். பயிற்றுநர் மறுப்பு வெளியிட்டார். பழைய மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். ஆசிரியர் அறையில் கண்டனக் கடிதம் தயாராயிற்று. அதன் வசனங்களைச் செப்பனிட்டுக் கொடுத்தோம், முதலாவது கையொப்பத்தையும் இட்டோம். இந்த அமளியெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தது. அதன் பிறகே எமது வகுப்பின் வரவுப் பதிவேட்டைப் புரட்டியபோது அந்தப் பையனின் பெயருக்கு நேரே தொடர்ந்து மூன்று வாரங்கள் வரவின்மை பதிவாகியிருக்கக் கண்டோம். பதிவேட்டில் அடையாளமிட்டதும் எமது கைதான், கண்தான் காணவில்லை.

வீட்டுக்குப் போனோம். தகப்பனார் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பேப்பரில பேர் வந்தா பிள்ளைக்கு நல்லதெண்டு சொன்னீங்கள் சேர். இப்ப வந்திருக்குத்தானே." எம்மிடம் பதில் இருக்கவில்லை.

எமது நாட்டுப்புறத்தில் பங்காளிச் சண்டை என்று ஒன்று உண்டு. வேலிக்கு வேலி வசைமாரி பொழிவார்கள். நீதிமன்றம் வரை இழுபடுவார்கள். ஆனால் காணி ஒன்றே, இருவரும் உண்பது அதே நெல்லையே. பயிற்றுநருக்கும் விளையாட்டுப் பத்திரிகைக்கும் நடப்பது இத்தகைய சண்டை என்பதே எமது வாதம். அவர்களுடைய காணி மாணவனின் உடம்பும் பெயரும்.

இது ஏதோ எமது கிராமத்தின் குறுகிய புத்தி என்று எண்ணுவோர், செல்வம் கொழிக்கும் தேசத்தின் கல்லூரி மைதானத்தைப் பார்க்கட்டும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து எமது ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொள்ளும் ஆட்டம். 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக அணி, டெக்சஸ் டெக் அணியை 49க்கு 45 என வென்றது. வென்ற அணியின் பயிற்றுநர் மைக் கண்டி செய்தியாளர் கூட்டத்துக்கு வந்து, வெற்றியைப் பற்றிப் பேசாமல், கையிலிருந்த பத்திரிகையை உயர்த்திக் காட்டிக் கத்தத் தொடங்கினார். ஒக்லஹோமன் என்னும் நாளிதழின் பத்தியொன்று, பொபி ரீட் என்ற மாணவன் முதன்மை இடத்தை இழந்ததற்கு ஆட்டத்திறனைவிட அவனுடைய மனப்போக்கே காரணம் என எழுதியிருந்தது. தாய் அவனுக்குக் கோழியிறைச்சி ஊட்டிவிட்ட காட்சியையும் அந்தப் பத்தி விட்டுவைக்கவில்லை. தாய் ஊட்டினால் பிள்ளை உண்பது உலகெங்கும் உள்ள வழக்கந்தானே? அதைக் கோழைத்தனத்தின் சாட்சியமாக அச்சேற்றுவதற்கு ஒரு பத்திரிகை இருந்தது!

கண்டி ஆவேசமாகப் பேசினார். பத்தியில் முக்காற் பங்கு பொய் என்றார். எழுதுவதாயின் என்னைப் பற்றி எழுதுங்கள், நான் ஆண்மகன், எனக்கு நாற்பது வயது என்று முழங்கினார். கேள்வி எதையும் ஏற்காமல் போனார். நாடே அதைப் பார்த்தது. மாணவனுக்காக மார்தட்டிய ஆசிரியர் என்று பலர் புகழ்ந்தனர். நாமும் அக்காட்சியை முதன்முதலில் கண்டபோது உள்ளம் குளிர்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

ஆனால் அந்த மாணவனின் கதி என்ன? முதன்மை இடத்தை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டவர் பத்திரிகையாளர் அல்லர், கண்டியே. அந்த முழக்கத்தின் பிறகு அவன் இடம் அவனுக்குத் திரும்பிக் கிடைக்கவுமில்லை. அவன் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போனான். பயிற்றுநரின் அந்த ஆவேசமே தன் வாழ்வைக் குலைத்தது என்று பின்னாளில் அவனே மனங்கசந்து கூறினான். கண்டியோ அதற்குப் பின்னும் ஏறக்குறைய 18 ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார்; 2025 செப்டெம்பரில் தோல்விகள் மிகுந்தபோதுதான் நீக்கப்பட்டார். நாற்பது வயது வாசகம் சட்டைகளில் அச்சாகியது, நகைச்சுவையாகியது, அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. பத்தி எழுதியவருக்கும் நாடறிந்த பெயர் கிடைத்தது. காணியில் விளைந்ததை இரு பங்காளிகளும் எடுத்துக்கொண்டார்கள். காணி தரிசாகக் கிடந்தது.

இதன் பொருளாதாரத்தைப் பார்க்காமல் ஒழுக்கத்தை மட்டும் பேசுவது எமது பழக்கமன்று. அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில் அரசு ஊழியருள் மிகக் கூடிய ஊதியம் பெறுபவர் ஆளுநருமல்லர், மருத்துவருமல்லர், கல்லூரிப் பயிற்றுநரே. அலபாமாவின் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வுபெற்றபோது அவருடைய ஆண்டு வருவாய் ஒரு கோடி டொலருக்கு மேல். அப்பணத்தில் கணிசமான பங்கு தொலைக்காட்சி ஒப்பந்தங்களிலிருந்து வருவது. அதாவது, பயிற்றுநர் எந்த ஊடகத்தின்மீது சீறுகின்றாரோ அந்த ஊடகமே அவருக்குப் படியளக்கின்றது. முழங்கால் உடைந்து ஆடிய மாணவனுக்கோ, தன் பெயரையும் உருவத்தையும் விற்று ஒரு காசு பெறும் உரிமைகூட 2021 ஜூலை வரை மறுக்கப்பட்டிருந்தது. வருவாயில் நேரடிப் பங்கு கிடைத்ததோ 2025 ஜூலையில். அதுவும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய பின்னர்.

எமக்கு அண்மையிலுள்ள கல்கத்தாவின் கதையோ இன்னொரு வகை. அங்கே பயிற்றுநர் பத்திரிகையோடு சண்டையிடவில்லை, பத்திரிகையை ஆயுதமாக்கினார். 1997இல் மோகன் பகான் கழகத்துக்குப் பயிற்சியளித்த அமல் தத்தா, ஆட்டத்தின் நுட்பங்களைக் கரைத்துக் குடித்தவர். வைர வியூகம் என்ற தாக்குதல் முறையால் வங்காளத்தையே வியக்கவைத்தவர். ஃபெடரேஷன் கிண்ண அரையிறுதிக்கு முன் ஈஸ்ட் பெங்கால் வீரர்களின் பெயர்களை அவர் ஏளனஞ் செய்தார். சிக்கிம் மலைக் கிராமத்திலிருந்து வந்த இருபது வயது பைசுங் பூட்டியாவைச் சுங்-சுங் என்றார். கென்ய நாட்டு வீரர் ஒமோலோவை ஓம்லெட் என்றார். மலைநாட்டான் பெயரும் ஆபிரிக்கன் பெயரும் நகரத்து நாவுக்குச் சிரிப்பாயிற்று. பத்திரிகைகள் இதைக் கண்டித்தனவா? நாள்தோறும் சுவையாகப் பரிமாறின. ஜூலை 13ஆந் திகதி சோல்ட் லேக் அரங்கில் 1,31,000க்கு மேற்பட்டோர் திரண்டனர். பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க ஈஸ்ட் பெங்கால் 4க்கு 1 என வென்றது. பையன் காலால் பதிலளித்தான் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். அவன் அன்று கோல் அடிக்காமல் போயிருந்தால் அந்தப் பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? அதே நகரில், அதே இரு கழகங்களின் ஆட்டத்தில், 1980 ஆகஸ்ட் 16ஆந் திகதி ஈடன் தோட்டத்தில் 16 இரசிகர்கள் உயிரிழந்தனர். மூட்டிய நெருப்பு யார் யாரைச் சுடும் என்று கணக்கிட்டா மூட்டுகின்றார்கள்?

இனி, செய்தியாகாத ஒரு காலை நேரத்தைச் சொல்லவேண்டும். ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்றொருவர் இருந்தார். எம்மைப்போல் பள்ளி ஆசிரியர், பட்டதாரி. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்திய அணி நான்காம் இடத்தை எட்டியதும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும் அவருடைய பயிற்சியில். தங்கம் வென்ற மறு ஆண்டே, 1963 ஜூன் மாதம், புற்றுநோயால் மறைந்தார். அவர் வாழ்வை 2024இல் திரைப்படமாக எடுத்தபோது வில்லனாக ஒரு பத்திரிகையாளரைப் படைத்துவிட்டார்கள். பயிற்றுநர் என்றால் எதிரே ஒரு பேனா நின்றுதான் ஆகவேண்டும் என்று திரைக்கும் எண்ணம் போலும்! எமக்கு வேண்டிய ரஹீம் வேறு. பிள்ளைகள் பலங்குறைந்த காலால் மட்டுமே ஆடவேண்டும் என்ற விதியோடு போட்டிகள் நடத்தியவர் அவர். செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் என்ற ஏழைப் பையன் பயிற்சிக்கு வரப் பணமில்லை என்றபோது, வாடகை மிதிவண்டிக்கென்று நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தவர். அந்தப் பையன் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியில் ஆடினான். அந்த ஒரு ரூபாயைப் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தவர் பலராமே. பலங்குறைந்த கால் பலம்பெறும் அந்த நீண்ட மாதங்களுக்கு எந்த விளையாட்டுப் பக்கத்தில் இடமிருக்கின்றது? அங்கே இடம் வெற்றிக்கும் கண்ணீருக்கும் மட்டுமே.

எமது நாட்டுப் பக்கங்களோ அதற்கும் ஒருபடி மேலே. கொழும்பின் இரு பிரபல கல்லூரிகள் மோதினால் வாரக்கணக்கில் சிறப்பு இதழ்கள். கிழக்குக் கரையின் அணிகளுக்கு இரண்டு வரி, அதுவும் எவனாவது அழுதால். யாழ்ப்பாணத்தில் 1904 முதல் நடைபெறும் கல்லூரிக் கிரிக்கெட் ஆட்டத்துக்கு வடக்கின் பெரும் போர் என்று பெயர். 1983 முதல் 2009 வரை உண்மையான போரைச் சுமந்த மண்ணிலே, பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வேறு சொல் கிடைக்கவில்லையா? 2023இல் நிர்வாகத் தகராற்றையும் அரசின் தலையீட்டையும் காட்டி ஃபிஃபா இலங்கையை ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை தடைசெய்தபோதும், பத்திகளை நிரப்பியவை அதிகாரிகளின் பெயர்களே. சர்வதேச ஆட்டங்களை இழந்த வீரனின் பெயரல்ல.

பையன் ஆறாவது வாரம் வகுப்புக்குத் திரும்பினான். அணிக்குத் திரும்பவில்லை. நாம் கண்டனக் கடிதத்திலிருந்த எமது கையொப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டு, ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பிரேரணை கொடுத்தோம். மாணவனும் பெற்றோரும் இசையாமல் அவனுடைய பெயரோ படமோ எந்தப் பத்திரிகைக்கும் போகக்கூடாது, புகழுரையாயினும் போகக்கூடாது, நிருபர் கேட்டாலும் சரி, பயிற்றுநர் கொடுத்தாலும் சரி. எதிர்த்தவர் பயிற்றுநர். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. "படம் வராட்டி அனுசரணையாளர் வரமாட்டார். அனுசரணையாளர் வராட்டி பதினொரு பேருக்குச் சப்பாத்து யார் வாங்கித் தாறது? நீங்களா?" என்று கேட்டார். நாம் வாங்கித்தர இயலாது. வாங்கித்தர வேண்டியது கல்வித் திணைக்களம். மாணவனின் முகத்தை விற்றுத்தான் அவன் காலுக்குச் சப்பாத்து வாங்க வேண்டுமென்றால் இலவசக் கல்வி என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுவது எதற்காக? இதைக் கேட்டபோது கூட்டத்தில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தனர்.

பிரேரணை அடுத்த தவணைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது. நிருபரும் பயிற்றுநரும் சமாதானமாகிவிட்டனர்; புதிய அணியின் படம் சென்ற வாரம் வெளிவந்தது. மாலை வேளைகளில் அந்தப் பையன் கரையில், கரைவலைத் தோணிகளுக்கு அப்பால், சின்னஞ்சிறுவர்களோடு ஆடுகின்றான். இடது காலால் பழகுகின்றான் போலிருக்கின்றது. நாம் கிட்டப் போய்க் கேட்கவில்லை.