நாயகன் இன்றும் நிற்கிறதா?

1987 தீபாவளிக்கு வந்த ‘நாயகன்’ இன்றைய பார்வையாளனைப் பிடித்து உட்கார வைக்குமா? போன மாதம் கல்லூரியில் படிக்கும் மருமகனோடு மறுபடி பார்த்தேன். தாதா வேலு நாயக்கரின் முதுமை ஒப்பனை வந்ததும் சிரித்தான், நானும் மறுக்கவில்லை. வேலுவின் மனைவி நீலாவுக்கு, முதல் சந்திப்பில் அவள் சொல்லும் பரீட்சைக் கவலையைத் தாண்டி ஒரு வாழ்க்கையைக் கதை கொடுக்கவே இல்லை என்பது இப்போது உறுத்துகிறது. ஆனால் மகன் சூர்யாவின் உடலைப் பார்த்து வேலு விக்கி அழும் இடத்தில் பையன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான். இன்றைய தாதா படங்களில் சாவுகளுக்குக் கணக்கில்லை, துக்கத்துக்குத்தான் நேரமில்லை. இங்கே ஒவ்வொரு சாவும் யாரையோ அநாதையாக்குகிறது. ஆரம்பத்தில் வேலு கொன்ற இன்ஸ்பெக்டரின் மகன் கையில்தான் கடைசியில் துப்பாக்கி. மகள் சாருமதி அப்பாவை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறாள், வீட்டைவிட்டும் போகிறாள். இப்போது வரும் தாதாக்களை அவர்கள் வீட்டுப் பெண்கள் இப்படிக் கேட்பதுண்டா? பி.சி.ஸ்ரீராமின் மங்கிய வெளிச்சமும், தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவியும் தேசிய விருது வாங்கியவை. அந்தச் சந்துகள் செட் என்று சொன்னபோது பையன் நம்பவில்லை. ‘காட்ஃபாதர்’ சாயலைக் காட்டிப் படத்தைத் தள்ளிவைப்பவர்கள் தள்ளிவைக்கட்டும். என் கணக்கில், ஒப்பனைக்கு மட்டும்தான் வயதாகியிருக்கிறது.