பேன்டஸி லீக்: பணம் வேண்டாம், போட்டி போதும்

இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் பேன்டஸி விளையாட்டில் சேரக் கட்டணமில்லை. 100 மில்லியன் கற்பனைப் பவுண்களுக்குள் 15 வீரர்களைத் தெரிவுசெய்தால் போதும். ஆனால் என் நண்பர்கள் ஆளுக்கொரு தொகை சேர்த்து, வெல்பவருக்குக் கொடுக்கக் கேட்டார்கள். அது சூதாட்டம் என்று நான் மறுத்தேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025 ஓகஸ்டில் சட்டத்தால் தடைசெய்தது.

"பணமில்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள்" என்பது அவர்களின் வாதம். உண்மையில் விலகுவது புதியவர்களே. அனுபவசாலிகளை அவர்களால் எட்டிப்பிடிக்க முடிவதில்லை. இதற்குத் தீர்வு விளையாட்டிலேயே உண்டு. பருவத்தின் நடுவிலும் புதிய லீக் தொடங்கி, அந்த வாரத்திலிருந்தே புள்ளிகளைக் கணக்கிடலாம். நேருக்கு நேர் லீக்கில் வாராந்தம் ஒருவரை வென்றால் 3 புள்ளிகள், புதியவருக்கும் வாய்ப்புண்டு. இரண்டையும் முயன்று பாருங்கள். ஹராம் கலக்காமலே போட்டி சூடுபிடிக்கும்.