பட்டையை இழுக்காதீங்க, பிடிச்சுத் தைங்க!

டிஸ்கி: இது வயது வந்தவர்களுக்கான, இருவர் சம்மதத்தோடு நடக்கும் சமாச்சாரம். முகம் சுளிப்பவர்கள் இப்படியே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

ஸ்லீப்சாக் தெரியாதவங்களுக்கு: கழுத்திலிருந்து பாதம் வரை உடம்பை மூடும் பை. தலை வெளியே. கைகள் ரெண்டும் உள்ளே தனி உறைக்குள். முன்னாடி ஜிப், அதுக்கு மேல அஞ்சாறு பட்டை. படுத்தா அசைய முடியாது. அந்த அசையாமையில் கிடைக்கிற நிம்மதிக்குத்தான் இத்தனை பாடு.

நான் வாங்கினது நியோபிரீன், அதாவது கடல்ல முங்குறவங்க போடுற ரப்பர் துணி. கடைக்காரர் கொடுத்த அளவு ஆறடி ஆளுக்கானது. நான் அஞ்சடி அஞ்சு அங்குலம். விரிச்சுப் பார்த்த வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, இது பையா, சாமியானாவா?"

சரி, தொளதொளன்னு இருக்கு, என்ன செய்யலாம்னு இதில் பழம் தின்னு கொட்டை போட்ட ரெண்டு நண்பர்களிடம் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே பாட்டு: "பட்டையை இன்னும் ரெண்டு ஓட்டை இழுத்துக் கட்டு மச்சி, டைட்டா இருந்தாத்தான் கிக்கு."

இந்த வாதத்தோடதான் இன்னிக்கு என் சண்டை.

முதல்ல, துணி மிச்சமிருக்கும்போது பட்டையை இழுத்தா துணி எங்கே போகும்? மடியும். அந்த மடிப்பு எனக்கு முழங்கையின் உள்பக்கத்தில் உட்கார்ந்தது. அங்கேதான் அல்நார் நரம்பு தோலுக்கு வெகு பக்கத்தில் ஓடுது. அரை மணி நேரத்துல சுண்டுவிரல் மரத்துப்போய், ரெண்டு நாள் காபி டம்ளரை இடது கையால பிடிச்சேன். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இன்னொரு நரம்பு இருக்கு. அதை நசுக்கினா பாதத்தைத் தூக்க முடியாமக்கூடப் போகலாம். கிக்கா இது?

ரெண்டாவது, நீளம். பை நீளமா இருந்தா ஆள் உள்ளே வழுக்கி இறங்குவான், காலர் மேலே ஏறும். எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. கையும் கட்டுக்குள்ள, காலும் கட்டுக்குள்ள. பக்கத்துல வீட்டம்மா இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்? தொளதொளப்பு 'பாதுகாப்பு'ன்னு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

மூணாவது, நெஞ்சு. ஆழமா மூச்சு இழுத்தா மார்புச் சுற்றளவு சுமார் 5 செ.மீ. கூடும். பட்டைக்கு இதெல்லாம் தெரியாது. மூச்சை விட்ட நேரத்துல இழுத்துக் கட்டினா அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது.

ஆக, வழி ஒண்ணுதான். ஊசி நூல். உடம்போட பொருந்துறது வேற, உடம்பை நசுக்குறது வேற. நம்ம தெரு ஆல்டரேஷன் கடையில இதைக் கொண்டுபோய் நீட்ட எனக்குத் தைரியம் இல்லை (இதைப் பற்றி வெட்கப்படவும் இல்லை). அதனால வீட்டு மெஷின்லயே உட்கார்ந்தோம்.

கைகளைப் பக்கத்தில் வைத்து, மூச்சை முழுசா இழுத்து நிறுத்திக்கிட்டு அளந்தோம்: 118 செ.மீ. பை 130. அதிகம் 12. இங்கேதான் பலர் கோட்டை விடுவாங்க. ரெண்டு பக்கத் தையலிலும் 6 செ.மீ. உள்ளே தள்ளினா மொத்தம் 24 போயிடும், ஏன்னா ஒவ்வொரு பக்கமும் முன்துணி, பின்துணின்னு ரெண்டு அடுக்கு. பக்கத்துக்கு 3 செ.மீ. போதும்.

ஜிப்பைத் தொடவே கூடாது. பட்டைகள் பக்கத் தையலைக் கடக்கும் இடத்தில் முதல்ல பிரிச்சுக்கணும். உள்ளே இருக்கும் கையுறை தையலில் மாட்டாம ஒதுக்கணும். குண்டூசி வேண்டாம், துணியில் ஓட்டை விழும், கிளிப் போடுங்க. நேர்த்தையல் இழுபட்டா அறுந்துபோகும், அதனால ஜிக்ஜாக், பாலியஸ்டர் நூல். நீளத்தைப் பாதப் பக்கத்தில் குறைங்க, காலர் பக்கத்தில் இல்லை. கால்விரல் மடங்காம இடம் விடுங்க.

தைச்சவுடனே மிச்சத் துணியை வெட்டிடாதீங்க. போட்டு, இருமிப் பார்த்து, சத்தமாப் பேசிப் பார்த்து, அப்புறம் வெட்டுங்க. வெட்டின துண்டைத் தூக்கியும் போடாதீங்க. அவசரத்துக்கு வச்சிருக்கிற மழுங்கல் முனைக் கத்தரி அந்தத் துணியை, ரெண்டு அடுக்காகப் பட்டையோட சேர்த்து, வெட்டுதான்னு அதுல சோதிங்க. எங்க முதல் கத்தரி வெட்டலை! நினைச்சாலே இப்பவும் வயித்தைக் கலக்குது.

இன்னொண்ணு, அளவு எவ்வளவு கச்சிதமா இருந்தாலும் ஆளைக் குப்புறப் போடாதீங்க, தனியா விட்டுட்டுப் போகாதீங்க. ஒரு நிமிஷம்கூட.

"இவ்ளோ ஜாக்கிரதை பார்த்தா சுகம் எங்கே?"ன்னு நண்பர் கேட்டார். இப்போ பட்டையைக் கடைசி ஓட்டைக்கு இழுக்கிறதே இல்லை. எங்கேயும் மடிப்பு இல்லை, நெஞ்சு தாராளமா ஏறி இறங்குது. போன ஞாயித்துக்கிழமை பைக்குள்ளயே தூங்கிட்டேன், பக்கத்துல வீட்டம்மா வாரப் பத்திரிகை படிச்சுக்கிட்டு இருந்தாங்க. முழிச்சதும் சுண்டுவிரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடுச்சு.

சுகம் அங்கேதான் சாமி இருக்கு. வர்ட்டா?