பாவை கற்பிக்கும் பாடம்

நாஞ்சில் நாட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பத்தினர் தோற்பாவைக் கூத்தை வழிவழியாகப் போற்றி வந்துள்ளனர். ஆட்டுத்தோலை மெலிதாக்கி, உருவம் வரைந்து, துளையிட்டு, வண்ணம் தீட்டுவர். விளக்கொளியில் இராமனும் சீதையும் திரையில் உயிர்பெறுவர். அங்கே முதலில் கண்ணைக் கவர்வது உருவத்தின் புறக்கோடே. ஆதலின் பாத்திரத்தின் குணத்தைக் கோட்டிலேயே காட்டுதல் வேண்டும்.

அட்டையில் வீரர் உருவங்களை வரைந்து வெட்டும் மாணவர்க்கும் இஃது ஏற்றதொரு பாடமாகும். ஆணுக்கு வாளும் நிமிர்ந்த தோளும் அளித்து, பெண்ணுக்கு அணிகலன் மட்டுமே அளித்தல் முறையன்று. 1780-இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரின் வீரத்தை அணிகலனா காட்டும்? நிமிர்ந்த தலையும் ஊன்றிய காலுமே காட்டும். வீரம் இருபாலார்க்கும் பொது. அதனை வரையும் கோடும் பொதுவாதல் வேண்டும்.